நீலம் ஏறாத வேர்

டிசம்பர் 8, திங்கள்

மழை விட்டுடுச்சு. மொட்டை மாடி முழுக்க துணி. கூடுவாஞ்சேரியில டிரெயின் லேட், லேடீஸ் பெட்டியில நிக்கக்கூட இடமில்ல. செங்கல்பட்டு போய்ச் சேர்றதுக்குள்ள நான் எடுக்க வேண்டிய முதல் பீரியட் போச்சு.

காலேஜ் பின்பக்கம் தொட்டிகளைப் பாத்தேன். உப்புத் தண்ணி ஊத்தின நெல் நாத்து அத்தனையும் படுத்துடுச்சு. மூணாவது தடவை. வேரைப் பிரிச்சா வழவழன்னு கையில வருது. ஆராய்ச்சின்னு பேர் வச்சு நாத்தைக் கொல்றதே வேலையாப் போச்சு. ஜனவரியில கமிட்டி முன்னாடி நிக்கணும். கைடு மேடம் போன வாரமே சொல்லிட்டாங்க. "ஷமீம், டாபிக்கை மாத்தறதைப் பத்தி யோசிங்க. உப்பு போட்டா செல் சாகும்னு சொல்றதுக்கு ஒரு பிஎச்.டி. வேணுமா?"

வேணாம்தான். ஆனா என் கேள்வி அது இல்ல. எப்படி சாகுதுங்கறது. செடியே முடிவு பண்ணி ஒரு செல்லை அனுப்பி வைக்குதா, இல்ல அடி தாங்காம செல் சுருண்டு விழுதா. ரெண்டும் ஒண்ணு இல்ல. இதை மேடம்கிட்ட காட்ட ஒரு ஸ்லைடு கூட இன்னும் கையில இல்ல.

சாயங்காலம் கலைச்செல்வி போன். பி.எஸ்சி. மூணு வருஷமும் லேப்ல என் பக்கத்து சீட். கல்யாணம் ஆகி மாமல்லபுரம் பக்கம் போனவ. வீட்டுக்காரர் குமார் டூரிஸ்ட் வேன் ஓட்டறார், கழனியும் உண்டு. பக்கிங்காம் கால்வாய்க்கு மேற்கே, மேல ஒரு துண்டு, கீழ ஒரு துண்டு. போன வாரம் புயல் அன்னிக்கு கடல் பொங்கி, கால்வாய் வழியா உப்புத் தண்ணி கழனிக்குள்ள ஏறிடுச்சாம்.

"நீ நெல்லு வேரத்தானடி படிச்சிகினு கீற. வந்து பாத்து சொல்லு, உயிர் கீதா இல்லியான்னு. அவரு சனிக்கிழமை டிராக்டர் வுட்டு மொத்தத்தையும் ஓட்டிடலாம்னு நிக்கறாரு."

நாளைக்கே வர்றேன்னு சொல்லிட்டேன். லீவு கேக்கணும். வாங்கணும்: பிளேடு, மூடி போட்ட பக்கெட், பொண்ணு ஹனாவோட ஸ்கூல் நோட்டுக்கு பிரவுன் ஷீட்.

டிசம்பர் 9, செவ்வாய்

நல்ல வெயில். திருக்கழுக்குன்றம் வழியா பஸ். ரெண்டு பக்கமும் ஏரி நிறைஞ்சு ரோட்டைத் தொட்டுகிட்டு நிக்குது.

கழனியைப் பாத்தேன். ஐப்பசி கடைசியில நட்டது. பச்சையா நிக்கணும். இலை நுனியெல்லாம் நெருப்பு பட்ட மாதிரி. கலை வரப்புல நின்னுகிட்டு என் முகத்தையே பாக்கறா. நான் தண்ணியைப் பாத்தேன். அவ முகத்தைப் பாக்கல.

குமார் அண்ணா யூனிபார்ம் சட்டையோட வந்தார். ஏர்போர்ட் சவாரி காத்துகிட்டு இருந்துச்சு.

"கீழ்க்கழனியில கரை ஒட்சிகினு ஒரே அடியா வந்துச்சு டீச்சர். காலையில எழுந்து பாத்தா கடலு. மேல அப்பிடி இல்ல. ஊறி ஊறி, நாலஞ்சு நாளா ஏறிச்சு. ஆனா இப்ப ரெண்டும் ஒண்ணுதான். நாக்குல வச்சா கரிக்குது."

உப்பு மீட்டர் போட்டுப் பாத்தேன். அவர் சொன்னது சரி, மேலயும் கீழயும் கிட்டத்தட்ட அதே உப்பு.

"உயிர் இருந்தா சொல்லுங்க, ஏரித் தண்ணி வுட்டு அலசிப் பாக்கலாம். இல்லன்னா இப்பவே ஓட்டி, உப்பு கழுவி, அடுத்த போகம் நவரை வெதைச்சுடலாம். ரெண்டுங்கெட்டானா சொல்லாதீங்க. உங்க பேச்சக் கேட்டு வுட்டு வச்சு, அப்புறம் செத்துச்சுன்னா நவரையும் போச்சு."

வேரோட நெல்லைப் பிடுங்கினேன், மேல நாலு தூர், கீழ நாலு தூர், சேத்தோட பக்கெட்ல. பஸ்ல கண்டக்டர் மூடியைத் திறந்து பாத்துட்டு, "இன்னாம்மா இது, கருவாடுன்னு நெனச்சேன்"னார். டிக்கெட் போடல பக்கெட்டுக்கு. நல்ல மனுஷன்.

கை ரெண்டும் உப்பு வாடை. ராத்திரி பருப்பு சாதம். என் வீட்டுக்காரர் கடையில இருந்து வந்து கேட்டார், "என்ன, ஏதாவது தெரிஞ்சுதா?" நாளைக்குத்தான்.

டிசம்பர் 10, புதன்

எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல.

வரிசையா எழுதறேன். காலையில முதல் வேலை, வேர்களை அலசி நீலச் சாயத்துல ஊற வச்சேன். எளிமையான சோதனை. உயிரோட இருக்கற செல் சாயத்தை உள்ளே விடாது, கதவைச் சாத்திக்கும். செத்த செல்லுக்குக் கதவே கிடையாது, நீலம் நேரா உள்ளே போயிடும். அதனால வெள்ளை = உயிர். நீலம் = சாவு.

முதல்ல மேல்கழனி வேர். தண்ணியில அலசி எடுத்து வெளிச்சத்துல பிடிச்சேன். நுனி வெள்ளை. பால் மாதிரி. ரெண்டாவது வேர், நுனி வெள்ளை. மூணாவது. நான் என் தொட்டிகள்ல இந்த உப்புல வெள்ளை நுனி பாத்ததே இல்ல. ஒரு தடவை கூட.

அப்புறம் குறுக்கா வெட்டி மைக்ரோஸ்கோப்ல வச்சேன்.

தோல் முழுசா இருக்கு. நடு நரம்பு முழுசா இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சதையில, வரிசை வரிசையா செல்கள் காணோம். சுத்தமா காலி. சிதறல் இல்ல, குப்பை இல்ல. சைக்கிள் சக்கரத்துல கம்பி நிக்கிற மாதிரி மெல்லிசா சுவர் மட்டும் நிக்குது. கம்பிக்கு நடுவுல எல்லாம் காத்து போற வழி. மூழ்கின வேருக்கு இலையில இருந்து காத்து இறங்கற குழாய். அந்தக் குழாய்க்கு இடம் விட்டு அங்க இருந்த செல்கள் எல்லாம் செத்துப் போயிருக்கு. தன்னைத்தானே கரைச்சு, உள்ளே இருந்ததை எல்லாம் பக்கத்து செல்லுக்குக் கொடுத்துட்டு. வாடகை வீட்டைக் காலி பண்றவங்க பெருக்கித் துடைச்சு சாவியைக் கொடுத்துட்டுப் போவாங்களே, அந்த மாதிரி.

நெல் வேர் இதைச் செய்யும்னு எல்லா புஸ்தகத்துலயும் இருக்கு. ஆனா நல்ல தண்ணியில. இந்த உப்புல செய்யும்னு நான் நினைக்கவே இல்ல.

அப்புறம் கீழ்க்கழனி வேர். முழுக்க நீலம், நுனி வரைக்கும். வெட்டிப் பாத்தா செல் எல்லாம் இருந்த இடத்துலயே சுருங்கிக் கிடக்கு. இடிஞ்சு விழுந்த வீடு மாதிரி, சாப்பிட்டுகிட்டு இருந்த தட்டு அப்படியே, துணி கொடியில அப்படியே. என் தொட்டி நாத்து மாதிரியே அச்சு அசல்.

ஒரே நெல். ஒரே நாள்ல நட்டது. ஒரே உப்பு. சாவு ரெண்டு வகை.

உக்காந்து யோசிச்சப்பதான் குமார் அண்ணா சொன்னது நினைவுக்கு வந்துச்சு. மேல ஊறி ஊறி ஏறிச்சு, கீழ ஒரே அடியா வந்துச்சு. அப்படின்னா உப்பு எவ்வளவுங்கறது மட்டும் இல்ல விஷயம், வந்த வேகம். நேரம் கிடைச்ச வேர், யாரை அனுப்பணும், யாரை வச்சுக்கணும்னு முடிவு பண்ணியிருக்கு. நேரம் கிடைக்காதது மொத்தமா விழுந்துடுச்சு. நான் மூணு தடவையும் தொட்டியில என்ன பண்ணேன்? ஒரே ஊத்தா ஊத்தினேன்.

லேப்ல யாரும் இல்ல. ஸ்டூல்ல இருந்து எழுந்து ஒரு சுத்து நடந்தேன். திரும்ப உக்காந்து பாத்தேன். அப்படியே இருந்துச்சு.

உடனே கலைக்குப் போன் போட்டேன். போட்டிருக்கக் கூடாது. போட்டிருந்தாலும் அப்படி ஆரம்பிச்சிருக்கக் கூடாது.

"கலை, சூப்பரா இருக்குடி. கீழ்க்கழனி வேர் இருக்கே, நுனி வரைக்கும் நீலம், பாக்கணும் நீ, அவ்ளோ தெளிவா."

"நீலம்னா செத்துடுச்சுன்னு தானே?"

"ஆமா, ஆனா எப்படி செத்திருக்கு தெரியுமா? மேல இருக்கறதுக்கும் கீழ இருக்கறதுக்கும்..."

"எப்படி செத்தா இன்னாடி. நட்டப்ப முதுகு ஒடிஞ்சுது எனக்கு. உனக்கு செத்தது கூட சந்தோஷமா கீது."

வச்சுட்டா. மேல்கழனி உயிரோட இருக்குன்னு நான் சொல்லவே இல்ல.

திரும்பப் போட்டேன், எடுக்கல. மெசேஜ்ல எழுதினேன்: மேல்கழனி வேர் நுனி உயிரோட இருக்கு, ஓட்ட வேணாம்னு அண்ணாகிட்ட சொல்லு. ரெண்டு டிக் விழுந்துச்சு. பதில் இல்ல.

டிசம்பர் 11, வியாழன்

மேகம். மழை இல்ல.

சரியா தூங்கல. பாதி கலை, பாதி வேர். உண்மையைச் சொன்னா வேர்தான் அதிகம்.

புதுசா தொட்டி வச்சாச்சு. பாதிக்கு ஒரே ஊத்தா உப்பு. மீதிக்கு தினம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். ரெண்டுக்கும் கடைசி அளவு ஒண்ணுதான்.

செகண்ட் இயர் கிளாஸ். தண்ணி ஏறும் குழாய் பத்தின பாடம். மரத்துல தண்ணி மேல ஏறணும்னா அந்தக் குழாய் செல்கள் முதல்ல செத்து காலியாகணும்னு சொன்னேன். வழக்கமா இந்த இடத்துல பாதி கிளாஸ் தூங்கும். இன்னிக்கு நான் ரொம்ப ஆட்டம் போட்டிருக்கணும், எல்லாரும் முழிச்சிருந்தாங்க. கடைசி பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு, "மேம், அந்த செல்லுக்கு வலிக்குமா?" யாரும் சிரிக்கல. வலிக்காது, வலிக்க நரம்பு இல்லன்னு சொன்னேன். அப்புறம், தெரியாதுன்னும் சொன்னேன்.

மேடம் படங்களைப் பாத்துட்டு போன்ல: "நல்லா இருக்கு. ஆனா நாலு தூரை வச்சு ஒரு கழனி செத்துடுச்சுன்னு எப்படி சொல்றீங்க? கீழ பல இடத்துல எடுக்கணும். மேடு, பள்ளம், வரப்போரம். போய் எடுங்க." குளிர்ந்த தண்ணி ஊத்தின மாதிரி. ஆனா அவங்க சொல்றது நியாயம்.

சாப்பிடும்போது வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் கொட்டினேன். தால்சாவைக் கிளறிகிட்டே கேட்டுட்டு, "ஒழுங்கான சாவு, ஒழுங்கில்லாத சாவு. நல்ல சப்ஜெக்ட்தான். ஆனா அந்தப் பொண்ணு விவசாயத்தை இழந்துட்டு நிக்குது. நேர்ல போ. போன்ல பேசாத"ன்னார்.

டிசம்பர் 12, வெள்ளி

குமார் அண்ணா வாய்ஸ் மெசேஜ். பின்னாடி ஹார்ன் சத்தம், யாரோ ஹிந்தியில பேசறாங்க.

"டீச்சர், நாளைக்கு காலையில செங்கல்பட்டு ஸ்டேஷனாண்ட ஒரு சவாரி எறக்கிட்டு காலி வண்டி வருவேன். ஏறிக்குங்க. டிராக்டர்காரன் வந்துடுவான், நீங்க முன்னாடி வரணும். கலைக்கு உங்க மேல கோவம் இல்ல. மன்சு கஷ்டம், அவ்ளோதான்."

எடுத்துப் போக: காலேஜ் பழைய மைக்ரோஸ்கோப் (கண்ணாடி வச்சது, கரண்ட் வேணாம்), சாயம், பிளேடு, ஸ்லைடு, கேரட் ரெண்டு. கேரட் எதுக்குன்னு ஹனா கேட்டா. வேர் மெல்லிசு, கேரட் துண்டுக்கு நடுவுல வச்சு வெட்டினாத்தான் நிக்கும்னு சொன்னேன். "அப்ப கேரட்டும் சாகுமா?"ன்னா. வீடு முழுக்க இதே பேச்சாகிடுச்சு.

டிசம்பர் 13, சனி

இன்னிக்கு நடந்ததை ஒண்ணு விடாம எழுதணும்.

வேன்ல மடியில மைக்ரோஸ்கோப், துண்டு சுத்தி. போய் இறங்கினப்ப கலை டீ கொடுத்தா. என்னைப் பாக்காம கொடுத்தா. நான் குடிச்சேன். பிளேடு பாக்கெட்டைப் பிரிச்சு அவ முன்னாடி நீட்டினேன்.

"எனக்கு தனியா வெட்ட முடியாதுடி. கீழ்க்கழனியில நிறைய இடத்துல எடுக்கணும். எப்பவும் நீதான மெல்லிசா வெட்டுவ."

"கத்திரிக்காய் வெட்டறதோட சரி இப்ப." ஆனா வாங்கிகிட்டா.

மோட்டார் ரூம் வாசல்ல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மேல மைக்ரோஸ்கோப். கால்வாய்ப் பக்கத்துல இருந்து ஆரம்பிச்சு நான் தூரைப் பிடுங்கி, அலசி, சாயத்துல போட்டுக் கொண்டு வர, அவ வெட்டினா. முதல் ரெண்டு தடிமனா வந்துச்சு, தூக்கிப் போட்டா. மூணாவது, கண்ணாடி மாதிரி. அவ கையைப் பாத்துகிட்டே நின்னேன்.

நீலம். நீலம். நீலம். அவளே பாத்து அவளே சொன்னா. நான் இந்த தடவை வாயை மூடிகிட்டு இருந்தேன்.

டிராக்டர் வந்துடுச்சு. டிரைவர் ரோட்டுல நின்னு ஹார்ன் அடிக்கறான். குமார் அண்ணா ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போனார்.

"சொல்லுங்க டீச்சர். ஓட்டட்டுமா, வேணாமா?"

மேல்கழனி வேர் ஒண்ணை மைக்ரோஸ்கோப்ல வச்சு அவரைப் பாக்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியல, கையால பொத்திகிட்டு குனிஞ்சார். "இன்னா ஓட்டை ஓட்டையா கீது?"

"ஓட்டை தான் அண்ணா நல்லது. அது காத்து போற வழி. வேர் அதுவாவே செஞ்சுகிட்டது. நுனி உயிரோட இருக்கு. மேல ஓட்டாதீங்க. ஏரித் தண்ணி விட்டு, கால்வாய்த் தண்ணி இறங்கற நேரமாப் பாத்து வடிங்க. திரும்பவும் விடுங்க, திரும்பவும் வடிங்க. எழுந்துக்கும்." சொல்லிட்டேன். எழுந்துக்கலன்னா?

"கீழ?"

கலையைப் பாத்தேன். அவதான் சொன்னா. "ஓட்டிடுங்க."

டிராக்டர் கால்வாய்ப் பக்கம் இறங்குச்சு. சேறு புரள்ற சத்தம். கலை அந்தப் பக்கம் பாக்காம குனிஞ்சு வெட்டிகிட்டே இருந்தா. கீழ்க்கழனியோட மேற்கு ஓரத்துல எடுத்த தூர் மட்டும் பாக்கி. அதுவும் நீலம்தான், மேலோட்டமா பாத்தாலே தெரியுதுன்னு நான் பக்கெட்டைக் கழுவப் போயிட்டேன்.

"ஷமீம், இங்க வா."

குரல் வேற மாதிரி இருந்துச்சு. போனேன்.

"இது தோலு மட்டும்தான்டி நீலம். உள்ள பாரு. ஓட்டை வுட ஆரம்பிச்சுகினு கீது. அந்த இன்னொரு வேரு நுனியப் பாரு, வெள்ளை."

பாத்தேன். சக்கரம். பாதிச் சக்கரம், ஆனா சக்கரம். சுருங்கினதும் இருந்துச்சு, காலியானதும் இருந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிகிட்டு இன்னும் முடிவு பண்ணாத வேர். நுனி வெள்ளை.

"எந்த இடம் இது?"

"வைக்கப்போர் போடற மேடு. தண்ணி அங்க கடைசியாதான் ஏறிச்சு." சொல்லிகிட்டே எழுந்துட்டா. எழுந்த வேகத்துல நாற்காலி சாஞ்சு, மைக்ரோஸ்கோப்பை நான் கட்டிப் பிடிச்சேன். "ஏங்க, நிறுத்தச் சொல்லுங்க. மேக்கால ஓட்ட வேணாம். மேக்கால உயிர் கீது."

குமார் அண்ணா லுங்கியை மடிச்சுகிட்டு சேத்துல ஓடினார். டிராக்டர் சத்தத்துல டிரைவருக்கு எதுவும் கேக்கல. கடைசியில இவர் வண்டிக்கு முன்னாடி போய் ரெண்டு கையையும் விரிச்சு நின்னப்புறம்தான் நின்னுச்சு. அந்த மேடு தப்பிச்சுது.

கலை மூச்சு வாங்க என் பக்கத்துல வந்து நின்னா. முழங்கால் வரைக்கும் சேறு. "இன்னொரு தடவ காட்டு"ன்னா. ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பாத்தோம். ஏன் சுவர் மட்டும் நிக்குது, அந்த செல்லுக்கு யார் சொல்றா சாகச் சொல்லி, பக்கத்து செல்லு ஏன் சாகலன்னு அடுக்கினா. வேர் தண்ணிக்குள்ள மூச்சு முட்டினா ஒரு வாயு சேரும், பழம் பழுக்க வைக்குமே அதே வாயு, அது சொல்லும்னேன். பக்கத்து செல் ஏன் தப்பிக்குதுன்னு எனக்கும் தெரியலன்னேன்.

"இதுக்குத்தான் அன்னிக்கு அப்பிடி குதிச்சியா?"

ஆமான்னேன்.

"குதிக்க வேண்டியதுதான்"னா.

சாப்பாடு அங்கதான். நெத்திலி வறுவல். வேலைன்னு வந்துட்டா எனக்குப் பசி தெரியாது, இன்னிக்கு ரெண்டு தட்டு.

டிசம்பர் 15, திங்கள்

தூறல். கலை காலையிலயே வாய்ஸ் மெசேஜ்: முதல் தண்ணி விட்டு வடிச்சாச்சு. பக்கத்துக் கழனிக்காரங்க ஏன் செத்த பயிருக்குத் தண்ணி விடறீங்கன்னு கேட்டாங்களாம். "என் ஃப்ரெண்டு சொல்லிக்கீறா"ன்னு சொன்னாளாம்.

அதை மூணு தடவை திரும்பப் போட்டுக் கேட்டேன். தொட்டிக்கு இன்னிக்கு உப்பு ஏத்தியாச்சு. ஹனாவுக்கு சளி. பேப்பர் கட்டு திருத்த பாக்கி.

டிசம்பர் 17, புதன்

கெட்ட நாள். குமார் அண்ணா போட்டோ அனுப்பியிருக்கார். மேல்கழனியில அடி இலை எல்லாம் செத்துத் தொங்குது. போன வாரத்தை விட மோசம். கீழ எழுதியிருக்கார்: "டீச்சர் இன்னா இது".

போன் பண்ணேன். அடி இலை சாகத்தான் செய்யும் அண்ணா, செடி உள்ளே வந்த உப்பையெல்லாம் பழைய இலையில கொண்டு போய் வைக்கும், புது இலையைக் காப்பாத்த. அதுவும் வேர்ல பாத்த மாதிரிதான். குருத்தைப் பாருங்க, பச்சையா இருந்தா பயம் இல்ல.

"குருத்து பச்சையா தான் கீது," கொஞ்சம் விட்டு, "இதுவும் சாவு, அதுவும் சாவு. எல்லாத்தையும் நல்லதுன்னே சொல்றீங்க."

நான் நம்பறேனா, நம்பணும்னு ஆசைப்படறேனா. ஸ்டாஃப் ரூம்ல யாரோட எள்ளுருண்டையோ எடுத்துத் தின்னுட்டேன், யாரோடன்னு கூட கேக்கல.

டிசம்பர் 20, சனி

காலேஜ் லீவு. ஆனாலும் போனேன், தொட்டிக்காக.

கொஞ்சம் கொஞ்சமா உப்பு ஏத்தின தொட்டி: நுனி வெள்ளை. வெட்டினா சக்கரம்.
ஒரே ஊத்தா ஊத்தினது: முழு நீலம். சுருண்டு கிடக்கு.

எத்தனை தொட்டி பாத்தாலும் அப்படியே. கழனியில நடந்தது என் கையால, என் தொட்டியில, திரும்பவும்.

மேடத்துக்கு போன் பண்ணேன், பக்கத்துலதான் இருந்தாங்க, மார்க்கெட் பையோட நேரா வந்துட்டாங்க. பையைக் கீழ வச்சுட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்து ரொம்ப நேரம் பாத்தாங்க. கொத்தமல்லி வாசனை லேப் முழுக்க. ஸ்லைடை மாத்துன்னு கையை மட்டும் நீட்டினாங்க. நாலு ஸ்லைடு.

"ஒழுங்கா கேள்வி கேட்டிருக்கீங்க ஷமீம். இத்தனை நாள் நான்தான் சரியா கேக்கல." பையை எடுத்துகிட்டு, போற போக்குல, "டாபிக் மாத்த வேண்டாம்."

டிரெயின்ல தனியா சிரிச்சிருக்கேன் போல. எதிர் சீட் அம்மா, "இன்னாம்மா, விசேஷமா?"ன்னு கேட்டாங்க.

டிசம்பர் 21, ஞாயிறு

மூணு பேரும் போனோம், பைக்ல, ஹனா நடுவுல. கடல் காத்து பிச்சு எடுக்குது.

மேல்கழனி எழுந்துடுச்சு.

முழுசா இல்ல. அங்கங்க சொட்டை. ஆனா தூருக்குத் தூர் நடுவுல புது இலை, கிளிப்பச்சை, நிமிர்ந்து. கலை ஒரு தூரைப் பிடுங்கி அலசி என் கையில கொடுத்தா. அடியில இருந்து புது வேர், வெள்ளை வெளேர்னு, கொத்தா. சாயமே தேவை இல்ல, கண்ணாலயே தெரியுது.

குமார் அண்ணா வரப்புல நின்னு, "பாதியாவது தேறும் டீச்சர்." இவ்வளவுதான் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். எனக்கு ரெண்டு.

வைக்கப்போர் மேட்டுல தப்பிச்சதும் நல்லா தூர் கட்டியிருக்கு. கலை ஒரு யோசனை சொன்னா. தழைச்ச தூரைப் பிரிச்சு, உப்பு கழுவின கீழ்க்கழனியில நட்டா என்னன்னு. நாத்தங்கால் போட நேரமில்ல, ஆனா இதுங்க உப்பைப் பாத்த செடின்னா. அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. ஒரு தடவை உப்பைப் பாத்த தூரோட பிள்ளைக்கு அடுத்த உப்பு வந்தா என்ன ஆகும்? இது அடுத்த கேள்வி. எழுதி வச்சாச்சு.

ஆனா உடனே நட முடியாது. கீழ மண்ணு இன்னும் கரிக்குது, இன்னும் ரெண்டு மூணு தண்ணி வேணும்.

ஜனவரி 9, வெள்ளி

பனி. கமிட்டி முடிஞ்சுது.

முதல் படம் போட்டதுமே கொஞ்சம் சலசலப்பு. வெளியில இருந்து வந்த சார் ஒருத்தர் முன்னாடி சாஞ்சு, "ரெண்டும் அதே அளவு உப்பா? உறுதியா?" உறுதி சார். "திரும்ப செஞ்சீங்களா?" செஞ்சேன் சார். தொட்டியில ரெண்டு தடவை, ரெண்டாவது போன வாரம்தான் முடிஞ்சுது. கழனியில ஒரு தடவை, அதை நான் செய்யல, கடல் செஞ்சுது. சிரிச்சாங்க.

"வெட்டு ரொம்ப நல்லா இருக்கே. மெஷினா?"

இல்ல சார், கை. கலைச்செல்வி, என்னோட படிச்சவங்க. இப்ப விவசாயம் பண்றாங்க, இது அவங்க கழனிதான். படத்துல பேர் போட்டிருக்கேன்.

கீழ்க்கழனி படத்தைப் போட்டப்ப குரல் கொஞ்சம் இறங்கிடுச்சு. அதையும் சொன்னேன், இதுல கால்வாய்ப் பக்கம் மொத்தமா போயிடுச்சு, திரும்பலன்னு.

ஓகே ஆயிடுச்சு. வெளியில வந்து கலைக்குப் போன். குமார் அண்ணா எடுத்தார். "சேத்துல கீறா, தூர் பிரிச்சு நட்டுகினு. கை காலி இல்ல." பின்னாடி பொம்பளைங்க பேச்சுச் சத்தம், சிரிப்பு. ஓகே ஆயிடுச்சுன்னு சொல்லுங்க அண்ணான்னேன். கத்திச் சொன்னார். அங்க இருந்து கலை என்னமோ கத்தினா. என்ன சொல்றான்னேன். "ஞாயித்துக்கெழம வந்து நடச் சொல்றா. ஆளு பத்தல."

ராத்திரி வீட்டுக்காரரே பகாரா சோறு வாங்கிட்டு வந்தார், கடையைச் சீக்கிரம் மூடிட்டு.

ஜனவரி 11, ஞாயிறு

இடுப்பு போச்சு. நிமிர முடியல. விரல் இடுக்கெல்லாம் சேறு, நகம் கறுப்பு. காலையில இருந்து நட்டோம். நான் நட்ட வரிசை கோணல், குமார் அண்ணா பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, கலை சொன்னா. ஹனா கொஞ்ச நேரம் நட்டுட்டு நண்டு பிடிக்கப் போயிட்டா.

வெள்ளிக்கிழமை நட்டதெல்லாம் இன்னும் சாஞ்சு நிக்குது. ஒண்ணு மட்டும் வரப்போரத்துல நேரா நிமிர்ந்திருந்துச்சு. வேர் பிடிச்சிருக்கா, உள்ளே எப்படி இருக்கு, நுனி வெள்ளையான்னு பாக்க மனசு அடிச்சுகிச்சு. குனிஞ்சு அடியைப் பிடிச்சேன். மெல்ல இழுத்தா போதும்.

கலை என் மணிக்கட்டுல ஒண்ணு போட்டா.

"புடுங்காதடி. வளர வுடு."

விட்டேன்.